தாய்வீட்டில் சும்மா இருக்கக் கூடாது

அந்த நிறுவனத்தில் எல்லோரும் அவனைச் சிலை என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நிரலில் ஒரு சிக்கல் வந்தால் மற்றவர்கள் கீபோர்டைப் போட்டுத் தட்டு தட்டென்று தட்டுவார்கள். அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அரை மணி, ஒரு மணி அப்படியே போகும். பிறகு நாலே வரி அடிப்பான். சிக்கல் தீர்ந்திருக்கும். சம்பளம் அந்த நாலு வரிக்கா, அதற்கு முன்னால் போன ஒரு மணி நேரத்துக்கா என்று அதுவரை அங்கே யாரும் கேட்டதில்லை. அவ்வளவு நல்ல காலம் அது.

அந்தக் காலம் ஒரு ரிப்பன் வெட்டும் விழாவோடு முடிந்தது.

ரிப்பனைக் கேன்டீன் வாசலில் கட்டியிருந்தார்கள். உள்ளே மேஜை நாற்காலிகள் இல்லை. சாம்பார் வாசனை இருந்த இடத்தில் ஆளுயர இரும்பு அலமாரிகள், அவற்றில் பச்சைப் புள்ளிகளாகக் கண் சிமிட்டும் சர்வர்கள். சர்வர்களுக்குப் புழுக்கம் ஆகாது என்பதால் ஊழியர்கள் கூடத்திலிருந்த ஏசியைக் கழற்றி அங்கே மாட்டியிருந்தார்கள். ஊழியர்களுக்குப் புழுக்கம் ஆகுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர்கள் இனி மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இத்தனை நாள் நம்ம கோட் எங்க இருந்துச்சு? ஆளாளுக்கு ஒரு லேப்டாப்ல, ஆளாளுக்கு ஒரு மாதிரி. ஒருத்தர்கிட்ட ஓடும், இன்னொருத்தர்கிட்ட ஓடாது. கேட்டா, 'என் மெஷின்ல ஓடுதே சார்'னு பதில். இனிமே அந்தப் பேச்சே கிடையாது. ஏன்னா இனிமே யாருக்கும் 'என் மெஷின்'னு ஒண்ணு கிடையாது!"

கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

"உங்க லேப்டாப் இனிமே வெறும் ஜன்னல். எழுதறது, ஓட்டறது, சோதிக்கறது எல்லாம் இந்தச் சர்வருக்குள்ளதான். ஒவ்வொருத்தருக்கும் உள்ள ஒரு அறை. வெளியில சர்வர் வாடகைக்குக் கிடைக்குதே சார்னு சிலர் கேட்டாங்க. வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்க முடியுமா? அதனால சொந்தமா, நம்ம கூரைக்குக் கீழயே கட்டியிருக்கோம். பேரும் நானே வெச்சேன். தாய்வீடு." குரல் லேசாகத் தழுதழுத்தது. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இதைச் செய்யறோம்னு யாரும் நினைக்கக் கூடாது. நம்பிக்கை நிறைய இருக்கு. அது வீணாப் போயிடக் கூடாதுன்னுதான் பூட்டி வெக்கிறோம்."

அடுத்து பிளாட்ஃபார்ம் மேனேஜர் பேசினார். தாய்வீட்டுக்காகவே உண்டாக்கிய பதவி அது. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தவர்களுக்குச் சரியான பதில் கிடைத்ததில்லை. அவர் விதிகளைச் சொன்னார். அறையில் பத்து நிமிடம் அசைவு இல்லாவிட்டால் அறை தானாகத் தூங்கிவிடும், மின்சாரம் மிச்சம். தூங்கிய அறைக்கு மறுநாள் காலைவரை ஆள் வராவிட்டால் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவார்கள், சுத்தம். இடிக்கும்போது உள்ளே இருக்கும் வேலை என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். டெஸ்டிங் பிரிவுக்காரி, வாய்த்துடுக்கு. "முடிச்ச வேலையை உடனுக்குடன் 'வாசல்' வழியா அனுப்பிடணும். முடிக்காத வேலை உள்ள இருந்தா அது உங்க தப்புதானே?" என்றார் மேனேஜர். இதற்கும் கை தட்டினார்கள்.

அன்று மாலை லேப்டாப்புகளை மேஜையோடு சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஜன்னலை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

சிலைக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ஜன்னலோ கதவோ, அவனுக்கு வேண்டியது உட்கார ஒரு நாற்காலி, அவ்வளவுதான். தவிர, அப்போது அவன் தலைக்குள் வேறு ஒரு விஷயம் குடைந்துகொண்டிருந்தது.

அந்த நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து விற்றது. எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் எந்த டயாலிசிஸ் இயந்திரம் என்று முறை போட்டுக் கொடுக்கும் மென்பொருள். சிலையின் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு வெகு நாளாயிற்று. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்தால்தான் மிச்ச நாட்கள் நடமாட முடியும். அவள் போகும் மருத்துவமனையிலும் இதே மென்பொருள்தான். "என் தம்பி கம்பெனி செஞ்சது" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

போன வாரம் அவள் போனபோது நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல உங்க பேரே இல்லையேம்மா" என்றாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, யாரோ ஒருவர் வராமல் போன இடத்தில் படுக்க வைத்தார்கள். வீடு திரும்பும்போது அக்காவின் கால் இரண்டும் செருப்பில் நுழையவில்லை.

"உங்க ஆளுங்க என்னைக் கழட்டி விட்டுட்டாங்கடா" என்று சிரித்தாள். மூச்சு வாங்கியதால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது.

அவனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தவறு மென்பொருளில்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, உட்கார்ந்து யோசிப்பது.

தாய்வீட்டில் தன் அறையைத் திறந்தான். முறை போடும் நிரலை எதிரே விரித்துக்கொண்டான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தான். ஒரு இயந்திரம் பழுதானால் அதன் நோயாளிகளை மற்ற இயந்திரங்களுக்கு மாற்றும் பகுதி அது. ஏதோ ஒரு நூல் அகப்படுவதுபோல் இருந்தது. திரை கறுத்தது.

'நீங்கள் இல்லை என்று தெரிகிறது. உங்கள் அறை மூடப்பட்டது' என்று வெள்ளை எழுத்தில் வந்தது.

"இங்கதானே இருக்கேன்" என்று வாய்விட்டே சொன்னான். பக்கத்து நாற்காலி டெஸ்டிங் பெண் திரும்பிப் பார்த்தாள். சிலை பேசி அவள் கேட்டது அபூர்வம்.

மூடிய அறையைத் திறக்க அரை மணி ஆயிற்று. அறையில் என்னென்ன சாமான்கள் இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் மனம் நோகாமல் சேர்த்துவிடுவது கமிட்டியின் கொள்கை. அதனால் ஒவ்வொரு முறையும் அறைக்குள் நிறுவனத்தில் உள்ள அத்தனை பேரின் தேவையும் வந்து இறங்கும். அத்தனையும் இறங்கி முடிந்ததும் சிலை விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி கையை மடியில் வைத்தான். திரை கறுத்தது.

பிளாட்ஃபார்ம் மேனேஜரிடம் போனான்.

"சார், நான் வேலை பார்க்கும்போதே அறை மூடிடுது."

மேனேஜர் தன் திரையில் எதையோ பார்த்தார். "வேலை பார்த்ததா காட்டலையே. கீபோர்டு அசையலை, மவுஸ் அசையலை. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"யோசிச்சிட்டிருந்தேன் சார்."

மேனேஜர் முகத்தில் உண்மையான அனுதாபம் தெரிந்தது. "யோசிக்கிறதுக்கு இன்னும் சப்போர்ட் வரலை. அடுத்த வெர்ஷன்ல கேட்டுப் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் என்ன சார் பண்றது?"

"அதுவரைக்கும் யோசிக்காம பண்ற வேலை எதுவும் இல்லையா? மத்தவங்க எல்லாம் பண்றாங்களே" என்று வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்களுடைய கோடுகள் எல்லாம் மேலே ஏறிப் பறந்துகொண்டிருந்தன. சிலையின் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

அவன் இடத்துக்குத் திரும்பியபோதுதான் மற்றவர்களின் மேஜைகளைக் கவனித்துப் பார்த்தான். ஒருவர் கீபோர்டின் மேல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு அரட்டைக்குப் போயிருந்தார். இன்னொருவர் பழைய பூட்டு ஒன்றை வைத்திருந்தார். டெஸ்டிங் பெண் தன் டிபன் பாக்ஸை ஸ்பேஸ் கீயின் மேல் வைத்திருந்தாள். திரையில் வெற்றிடம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன பார்க்கறே? காலையிலேர்ந்து நான் இந்தக் கம்பெனிக்குப் பக்கம் பக்கமா ஒண்ணுமில்லாததை எழுதித் தந்திருக்கேன். நேத்து டைரக்டர் கூப்பிட்டுப் பாராட்டினார்."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"யாரு யாரை ஏமாத்துறாங்க? அவங்களுக்குக் கோடு மேல போகணும், போகுது. உனக்கு யோசிக்கணும். யோசி. யார் வேணாம்னா? ஆனா அந்த நேரத்துல வேலை பார்க்க வேற எதையாவது வெச்சுக்கோ." தன் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள். நல்ல கனமான ஸ்டேப்ளர்.

சிலை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஸ்பேஸ் கீயின் மேல் ஸ்டேப்ளரை வைத்தான். ஸ்டேப்ளர் உழைத்தது, அவன் யோசித்தான். அன்று முதல் அவன் கோடும் மேலே ஏறியது. மேனேஜர் அந்தப் பக்கம் வரும்போது அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஸ்டேப்ளர் வேலைக்கு வந்த மூன்றாம் நாள் முற்பகல் அவன் தவறைப் பிடித்துவிட்டான். பழுதான இயந்திரத்திலிருந்து இரண்டு பேரை ஒரே நேரத்துக்கு ஒரே இயந்திரத்துக்கு மாற்ற நேர்ந்தால், நிரல் பின்னால் வந்தவரை வைத்துக்கொண்டு முன்னால் இருந்தவரைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. யாருக்கும் தகவல் போகாது. பெயரே இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிடும். எந்த மருத்துவமனையிலும், எந்த அக்காவுக்கும் நடக்கலாம். அவன் மடியிலிருந்து கையை எடுத்து நாலு வரி அடித்தான். ஓட்டிப் பார்த்தான். யாரும் விடுபடவில்லை. அவன் சிரித்தான் என்று டெஸ்டிங் பெண் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

இனி வாசலுக்கு அனுப்பவேண்டும். வாசல் என்பது முடித்த வேலையைச் சோதித்து வெளியே விடும் நிரல். தாய்வீட்டில் அதற்கும் ஒரு அறை, அதற்கும் அதே பத்து நிமிட விதி. மற்றவர்கள் எழுதியது எல்லாம் வெற்றிடமாக இருந்ததால் வாசலுக்கு நாள் கணக்கில் யாரும் வரவில்லை. யாரும் வராததால் வாசல் தூங்கிவிட்டது. தூங்கும் வாசலை எழுப்ப வேண்டுமானால் வாசல் வழியாகத்தான் சொல்லி அனுப்பவேண்டும்.

மேனேஜரிடம் ஓடினான். "டைரக்டர் ஒரு வார்த்தை சொன்னா எழுப்பிடலாம். அவர் ஒரு நிகழ்ச்சியில இருக்கார்" என்றார் மேனேஜர். என்ன நிகழ்ச்சி என்று கேட்டான். தாய்வீடு ஒரு நிமிடம்கூடத் தடையில்லாமல் ஓடுவது பற்றிய கருத்தரங்கமாம்.

அப்போதுதான் போன் வந்தது. அக்கா. வராந்தாவிலிருந்து.

"டேய், இன்னைக்கும் பேரு இல்லைங்கிறாங்கடா. நான் காத்திருக்கேன், பரவாயில்ல. உனக்கு வேலை இருந்தா வராதே." பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். வராதே என்று அவள் சொன்னால் வந்துவிடு என்று அர்த்தம் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

நாலு வரியும் அறைக்குள் இருந்தது. அறை தூங்கக் கூடாது. ஸ்டேப்ளரை நடு ஸ்பேஸ் கீயில் பார்த்து வைத்து, நகராமல் இருக்கப் பக்கத்தில் புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு ஓடினான்.

அக்காவைப் படுக்க வைக்க அன்று மாலை ஆயிற்று. அதற்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, டாக்டர்கள் ஓடி வந்து, அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்து, இயந்திரம் கிடைத்து. அந்தச் சில மணி நேரத்தை அவன் எப்படிக் கழித்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அலுவலகத்தில் ஒரு ஸ்டேப்ளர் தனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒன்றுதான் ஆறுதல்.

ஸ்டேப்ளர் உழைத்துக்கொண்டிருக்கவில்லை. கருத்தரங்கத்திலிருந்து திரும்பிய டைரக்டர், மாடிப்படியில் ஊழியர்கள் அத்தனை பேரும் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதையும், அதே நேரத்தில் வரைபடத்தில் அத்தனை பேரும் மும்முரமாக வேலை செய்வதையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டார். ஏமாற்றப்பட்டோம் என்று வெளியே சொல்ல முடியாது. அந்த வரைபடத்தைத்தான் அன்று கருத்தரங்கத்தில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு வந்திருந்தார். ஆகவே அந்த வாரம் 'மேஜை அழகு வாரம்' என்று அறிவித்தார். மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு மேஜை மேஜையாகப் போய், பாட்டில், பூட்டு, டிபன் பாக்ஸ், ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் நிறுவனம் முழுக்கத் தூங்கியது.

மறுநாள் காலை சிலை மருத்துவமனையிலிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தான். அக்கா கண் திறந்திருந்தாள்.

"உங்க அறையை இடிச்சுப் புதுசாக் கட்டியாச்சு. பளபளன்னு இருக்கு, வந்து பாருங்க" என்றார் மேனேஜர்.

சிலை நாலு வரியையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். "பரவாயில்ல சார். நாலு வரிதான், ஞாபகம் இருக்கு. இப்பவே வந்து அடிச்சுடறேன்."

மறுமுனையில் மேனேஜரின் குரல் மாறியது. "ஞாபகம் இருக்கா? கம்பெனி கோட் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஆமா சார். நான்தானே எழுதினேன்."

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"அப்போ கம்பெனி கோட் இப்ப ஆஸ்பத்திரியில இருக்கு. தாய்வீட்டுக்கு வெளியில. புரியுதா என்ன சொல்றேன்னு?"

சிலைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மதியத்துக்குள் புரிந்தது. நிறுவனத்தின் நிரலை, நிறுவனத்துக்குச் சொந்தமல்லாத ஓரிடத்தில், அதாவது தலைக்குள், அனுமதியின்றி வைத்திருந்ததற்காக அவன் மேல் விசாரணை. அது முடியும்வரை அவன் அறைக்குப் பூட்டு.

சில நாள் கழித்து நடந்த விசாரணையில் டைரக்டரே உட்கார்ந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா, வராந்தா, விடுபடும் பெயர்கள், நாலு வரி. தன் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. "சார், என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்ல. அந்த நாலு வரியை மட்டும் யாரையாவது அடிக்கச் சொல்லுங்க. நான் சொல்லச் சொல்ல அடிச்சாப் போதும்."

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, உங்க வேதனை எனக்குப் புரியுது. எனக்கும் அக்கா இருக்காங்க. ஆனா அந்தப் பிரச்சினை தீர்ந்துபோச்சு. வாசலை எழுப்பச் சொல்லி, தாய்வீட்டுல இருக்கிற அதே முறையை ஆஸ்பத்திரிக்கும் குடுத்துட்டோம். காத்திருக்கிற நோயாளி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன்ல 'இருக்கிறேன்'ங்கிற பட்டனைத் தொடணும். தொடலைன்னா பேரு போயிடும்."

"சார், தொட்டாலும் பேரு விடுபடும் சார். தப்பு உள்ள இருக்கு."

"விடுபடட்டும். அப்போ அவங்க தொடலைன்னு அர்த்தம். முன்னாடி பேரு விடுபட்டா நம்ம தப்பு. இப்ப அவங்க தப்பு. இதைவிட ஒரு தப்பை எப்படித் திருத்த முடியும்?" என்று கேட்டார். மேனேஜர் நெகிழ்ந்துபோய் டைரக்டரையே பார்த்தார். "அதுக்கப்புறம் ஒரு புகார்கூட வரலை, தெரியுமா?" என்று டைரக்டர் சேர்த்துக்கொண்டார்.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

இப்போது சிலைக்குப் பகலெல்லாம் நேரம் இருந்தது. அக்காவின் முறை வரும் நாட்களில் அவனே கூட்டிக்கொண்டு போனான். வராந்தா முழுக்க ஆட்கள். கணவன்கள், மகள்கள், அண்ணிகள், பக்கத்தில் தலைசாய்த்துத் தூங்கும் நோயாளிகள். எல்லோர் கையிலும் போன். யாரும் யாரோடும் பேசவில்லை, பேச்சில் நேரம் தவறிவிடும். ஒரு பெண்மணி மாமியாரின் விரலைப் பிடித்துப் பிடித்துப் பட்டனில் வைத்துக்கொண்டிருந்தாள், வேறு விரல் ஆகாதோ என்ற பயம்.

அக்கா அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கால் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது. அவன் தொட்டான். 'இருக்கிறேன்.' கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டான். 'இருக்கிறேன்.' பத்து நிமிடம்வரை காத்திருக்கத் தைரியம் இல்லாமல் சும்மா சும்மா தொட்டான்.

"என்னடா யோசிக்கிறே?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணும் யோசிக்கலக்கா."

உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து, ஓர் இயந்திரம் பழுது, அந்த இயந்திரக்காரர்களை எல்லாம் வேறு இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நிமிடம் அந்த நிரல் என்ன செய்துகொண்டிருக்கும் என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் எந்த நாலு வரி இல்லை என்பதும் தெரியும். அவன் தொட்டான், தொட்டான், தொட்டுக்கொண்டே இருந்தான். விரலுக்கடியிலிருந்து பட்டன் மறைந்தது.

'நீங்கள் இல்லை என்று தெரிகிறது' என்றது போன்.

நர்ஸிடம் ஓடினான். "தொட்டீங்களா?" என்றாள்.

"தொட்டுட்டேதான் இருந்தேன். இதோ இருக்காங்க, பாருங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். நல்ல பெண், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "தெரியுது சார். ஆனா சிஸ்டத்துல இல்லையே. உங்க கம்பெனியிலதான் கேக்கணும்."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரி, ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்டா" என்றாள், மூச்சை இழுத்து இழுத்து. "நான் இருக்கேனா, இல்லையான்னு."

அவன் பிளாட்ஃபார்ம் மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் எடுத்தார். அவன் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டான்.

"இருங்க," என்றார் மேனேஜர், "யோசிச்சுச் சொல்றேன்."

சிலை போனைக் காதில் வைத்தபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இன்னொரு கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அது ஜில்லென்று இருந்தது. அவன் அசையவில்லை.